மஞ்சள் பொறி

மோட்டாரைச் சோதிக்க அரசு வழக்கறிஞர் கொடுத்த அவகாசம் நான்கு மணி நேரம். அதில் முதல் இருபது நிமிடத்தை, விசாரிக்க வந்திருந்த முன்னாள் போலீஸ் அதிகாரி தூரா வெஸ்ட்மான் சும்மா பார்த்துக்கொண்டே கழித்தாள்.

எதிரே மரத்தாங்கியில் அந்த மோட்டார் மாட்டியிருந்தது. படகின் பின்பலகையில் கவ்வவிட்டு ஓட்டும் அவுட்போர்டு மோட்டார். இரண்டு சிலிண்டர். ஐம்பத்து நான்காம் வருடம் தொழிற்சாலையை விட்டு வந்தது, புதுப் பச்சை வண்ணத்தில் மின்னியது. அக்டோபர் பதினொன்றாம் தேதி, ஓய்வுபெற்ற கப்பல் வழிகாட்டி ஆல்கோத்தை வடக்குப் பாறைகளுக்கு நடுவே இது கைவிட்டது. கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்த எழுபத்திரண்டு வயதுக்காரர் நிலை தவறித் தண்ணீரில் விழுந்தார். போலீஸ் அறிக்கையின் சாரம் இதுதான்.

மோட்டாரைப் புதுப்பித்துக் கொடுத்தவள் மைக்கென். கொட்டகையும் அவளுடையதுதான். மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மோட்டாரை அவள் விரலால்கூடத் தொடக் கூடாது என்பது வழக்கறிஞரின் நிபந்தனை. திங்கட்கிழமைக்குள் தூரா வேறு ஏதாவது கண்டுபிடிக்காவிட்டால், கவனக்குறைவால் ஓர் உயிரைப் போக்கியவள் என்று மைக்கென் மீது வழக்கு பதிவாகும். சிறை பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஹாம்ஷேர் தீவில் மொத்தம் நூற்றுப் பத்துப் பேர், நான்கு வாரமாக அதில் ஒருவரும் தன் கதவைத் தட்டவில்லை என்று மட்டும் காலையில் சொன்னாள்.

இன்று சனிக்கிழமை.

தூராவின் உதவியாளன் சிக்ஸ்டென் ஒரு காலத்தில் பயணிக் கப்பலில் சமையல்காரன். ஐம்பது வயதாகியும் மௌனம் அவனுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

“மேடம், மோட்டார் தானா முன்வந்து குத்தத்தை ஒத்துக்கும்னு காத்திருக்கீங்களா?”

அறிக்கையைப் படிக்கச் சொன்னாள். அவன் பாதிரியார் குரலில் படித்தான். போலீஸ் மெக்கானிக் மூன்று குறை கண்டிருந்தார். ஒன்று, பிளக்கில் தீப்பொறி பலவீனம், மஞ்சள் நிறம். இரண்டு, இரண்டு பிளக்கின் முனையிலும் எண்ணெய். மூன்று, பிளக்குகளை ஸ்பேனர் போட்டு இறுக்கவில்லை, கையால் திருகியதோடு சரி.

“மூணு தப்புக்கு ஜெயில்னா, கப்பல்ல நான் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே ஆயுள் தண்டனை வாங்கியிருக்கணும்,” என்றான் சிக்ஸ்டென்.

மைக்கென் சிரிக்கவில்லை. இரண்டாவது குறையை அவன் படித்தபோதே அவள் தலை நிமிர்ந்தது. மூன்றாவதைப் படித்தபோது மெதுவாகக் குனிந்துகொண்டது. அறிக்கையை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. தூரா அதைக் கவனித்தாள், கேட்கவில்லை.

வேலை தொடங்கியது. மைக்கென் வாயால் சொல்ல, மற்ற இருவரும் செய்தார்கள். கொட்டகையிலிருந்த ஒரு நல்ல பிளக்கை எடுத்து, வயரில் மாட்டி, அதன் உடம்பை இன்ஜின் இரும்பின்மேல் படுக்கவைத்தார்கள். சிக்ஸ்டென் கயிற்றை இழுத்தான். பிளக்கின் முனையில் ஏதோ மஞ்சளாய், நூல் போல நெளிந்து அணைந்தது. ஜன்னலைச் சாக்கால் மறைத்த பிறகுதான் அதுவும் கண்ணுக்குத் தெரிந்தது.

“இது என் பொறி இல்ல,” என்றாள் மைக்கென்.

“பட்டறைக்காரங்க எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க,” என்றாள் தூரா.

“நான் குடுத்தப்ப நீலமா இருந்துச்சு. குதிக்கிறப்ப சத்தம் கேக்கும். இது கல்லறையில ஏத்தி வெக்கிற மெழுகுவத்தி மாதிரி இருக்கு.”

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. பொறி மெலிந்தால் எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். எல்லாம் மேலே சுழலும் கனமான சக்கரத்துக்கு அடியில் இருந்தன. அந்தச் சக்கரத்தின் உட்புறத்தில்தான் காந்தங்கள் பதித்திருக்கும். அவை சுற்றினால்தான் மின்சாரமே பிறக்கும். சக்கரம் பிடிவாதம் பிடித்தது. சிக்ஸ்டென் சுத்தியலை எடுத்தான். அன்று முதல் தடவையாக மைக்கென் குரல் உயர்ந்தது.

“சமையல்காரரே, கீழ வையுங்க அதை. காந்தம் அடி தாங்காது.”

இழுவைக் கருவி மாட்டித் திருகியதும் சக்கரம் கழன்று வந்தது. மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் இரண்டும் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தன. இடைவெளியைத் தகடு விட்டு அளந்தார்கள், சரியாக இருந்தது. கண்டென்சரை மாற்றி, சக்கரத்தைத் திரும்ப மாட்டி இழுத்தார்கள். அதே மஞ்சள். மறுபடி கழற்றிக் காயிலை மாற்றினார்கள். அதே மஞ்சள். சிக்ஸ்டெனின் உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. இந்த மோட்டாருக்குச் சொந்தமாகக் கருத்து இருக்கிறது, நம்மோடு பேசத்தான் விருப்பமில்லை என்றான். இரண்டு மணி நேரம் ஓடியிருந்தது.

“இன்னும் என்ன மிச்சம்?” என்று தூரா கேட்டாள்.

மைக்கென் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கவிழ்த்து வைத்து, உள்ளே காந்தத்தில் ஒரு ஸ்பேனரை ஒட்டவைக்கச் சொன்னாள். ஸ்பேனர் ஒரு நொடி யோசித்துவிட்டு மேஜைமேல் விழுந்தது.

சுவரலமாரியில் வேறு எட்டுச் சக்கரங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் பழைய விறகடுப்பின் இரும்பு வளையம் ஒன்று பொருத்தியிருந்தது. சிக்ஸ்டென் ஒரு வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். ஒரு கையால் முடியவில்லை. இரண்டு கையாலும் இழுத்தபோது சக்கரமும் கூடவே அலமாரியை விட்டு வந்தது, வளையம் கழலவில்லை.

இரும்பு பக்கத்தில் இருக்கும்வரை காந்தம் பலத்தை விடாது என்று மைக்கென் விளக்கினாள். பழைய காந்தம் அடிபட்டால் கெடும், சூடுபட்டால் கெடும். இல்லாவிட்டால் கழற்றி வெறுமனே மாதக்கணக்கில் போட்டுவைத்தால் கெடும். அதனால்தான் அடுப்பு வளையம்.

“அப்படி வெறுமனே போட்டு வெச்சவங்க இந்தத் தீவுல யாராவது இருக்காங்களா?”

பதில் வர நேரமாயிற்று. ஒருவர் இருந்தார். ஹில்டிங். ஆல்கோத்தின் மனைவி வெண்டெலாவுக்குத் தம்பி. ஆல்கோத்தும் அவரும் ஒரே வருடம், ஒரே ரக மோட்டார் வாங்கியவர்கள். இரண்டு வருடம் முன்பு வண்ணம் அடிக்கவென்று ஹில்டிங் தன் சக்கரத்தைக் கழற்றி, குளிர்காலம் முழுக்க ஜன்னல் விளிம்பில் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அதிலிருந்து அவர் மோட்டார் கிளம்ப பத்து இழுப்பு. துறையில் அவர் கயிற்றைத் தொட்டாலே மற்றவர்கள் சத்தமாக எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆல்கோத்தின் காலிப் படகைக் கண்டு இழுத்துவந்தவரும் ஹில்டிங்தான். காற்று அடங்கி போலீஸ் படகு வந்து சேரும்வரை மோட்டார் இரண்டு நாள் அவருடைய படகுக் கொட்டகையில் இருந்தது.

தான் புதுப்பிக்கும் எந்தச் சக்கரமானாலும் அடியில் எம் என்ற எழுத்தை ஊசியால் கீறிவிடுவது தன் வழக்கம் என்றாள் மைக்கென். தூரா சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தக் கீறலும் இல்லை.

“சக்கரம் மாறியிருக்கு. கேஸ் முடிஞ்சுது மேடம்,” என்று சிக்ஸ்டென் கோட்டை எடுத்தான்.

தூரா நகரவில்லை. போலீஸ் உறையில் வந்த இரண்டு பிளக்குகளையும் ஜன்னலருகே கொண்டுபோயிருந்தாள். மஞ்சள் பொறியோடு திணறி நின்ற மோட்டாரின் பிளக் எப்படி இருக்கும் என்று கேட்டாள். கரி அப்பி, பெட்ரோலில் நனைந்து கறுப்பாக இருக்கும் என்றாள் மைக்கென். தூராவின் கையில் இருந்தவை பிஸ்கட் பழுப்பில் இருந்தன. அந்தப் பழுப்பின்மேல் எண்ணெய், தேன்போலத் தெளிவாகப் படிந்திருந்தது. மோந்து பார்த்தாள். பெட்ரோல் வாசனையே இல்லை.

“அப்படின்னா மோட்டார் கடைசி நிமிஷம்வரைக்கும் ஒழுங்கா ஓடியிருக்கு,” என்றான் சிக்ஸ்டென். அவன் குரலில் விளையாட்டு குறைந்திருந்தது. “யாரோ அவரைத் தள்ளிவிட்டுட்டு, பழியை மோட்டார் மேல போட சக்கரத்தை மாத்தியிருக்காங்க.”

“இந்த எண்ணெய் எப்படி வந்துச்சு, மைக்கென்?”

“எனக்குத் தெரியாது.”

பதில் சற்றுச் சீக்கிரமாக வந்தது. இதுவரை ஒவ்வொரு கேள்விக்கும் நிறுத்தி யோசித்தவள் அவள்.  தூரா மோட்டாரைப் பெட்டியில் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

ஹில்டிங்கின் படகுக் கொட்டகைக்குக் கரையோரப் பாதையில் பத்து நிமிடம். நவம்பர்க் கடல் ஈயத் தகடு மாதிரி கிடந்தது. வழியில் சிக்ஸ்டென் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தான். கொலைகாரர்கள் வீட்டில் காபி குடிக்கலாமா, வழக்கம் என்ன என்று கேட்டான்.

ஹில்டிங் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். நெடிய உருவம், அறுபத்தைந்து வயதிருக்கும். வந்தவர்களைப் பார்த்ததும் ஊசியை வலையிலேயே குத்தி வைத்தார். அவருடைய மோட்டாரைப் பார்க்கலாமா என்று தூரா கேட்டதற்கு, மூலையைக் கையால் காட்டினார்.

சிக்ஸ்டென் ஒரு பிளக்கைக் கழற்றினான். பிளக்கை எங்கே பிடிக்க வேண்டும் என்பதை இத்தனை நேரத்தில் கற்றிருக்க வேண்டியவன், தப்பான இடத்தில் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தான். டக்கென்று ஒரு சத்தம். பட்டப்பகலில் நீலமாய் ஒரு துண்டு மின்னல். அவன் இரண்டடி பின்னால் போய் வலைக் குவியல்மேல் உட்கார்ந்தான்.

“சாட்சி ரொம்பத் தெளிவா பேசுது, மேடம்,” என்றான் கையை உதறிக்கொண்டே.

தூரா சக்கரத்தின் நடுத்திருகில் ஸ்பேனரை வைத்தாள்.

“கழட்ட வேணாம்,” என்றார் ஹில்டிங். “கீழ எம் கீறியிருக்கும்.”

சிக்ஸ்டென் எழுந்து வாசலை அடைத்து நின்றான். சொந்த அக்கா புருஷனைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, ஒரு அப்பாவிப் பெண்ணைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தீர்களா என்று கேட்டான். ஹில்டிங் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அந்தக் கேள்வி தனக்கு வசதியானது என்பதுபோல நின்றார்.

“சிலிண்டர்ல எண்ணெய் ஊத்தினது நீங்களா?” என்றாள் தூரா.

“என்ன எண்ணெய்?”

அந்த முகத்தில் நடிப்பு இல்லை. போலீஸில் இருபது வருடம் பொய்களைக் கேட்டவள் தூரா. இது பொய் இல்லை.

அவள் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல மெதுவாகச் சொன்னாள். இந்தத் தீவுகளில் வருடத்தின் கடைசி ஓட்டம் முடிந்து கரைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து மோட்டார் தானாக நிற்கும்வரை ஓடவிடுவார்கள். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு கரண்டி சுத்தமான எண்ணெய் ஊற்றுவார்கள். எண்ணெய் பரவக் கயிற்றை இரண்டு முறை இழுப்பார்கள். பிளக்கை ஸ்பேனர் போடாமல் கையால் திருகி வைப்பார்கள். அதன் பிறகு அடுத்த வசந்தம்வரை அதை யாரும் தொடுவதில்லை.

“போலீஸ் குறைன்னு எழுதின ரெண்டும் குறையே இல்ல. மோட்டாரைக் குளிர்காலத்துக்குத் தூங்க வெச்சிருக்காங்க. நடுக்கடல்ல வெச்சு.”

சிக்ஸ்டென் வாசலிலிருந்து விலகிக்கொண்டான்.

ஹில்டிங் வலைமேலேயே உட்கார்ந்துவிட்டார். “எண்ணெய்கூடவா,” என்றார். பெரிய கைகளால் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். “அது எனக்குத் தெரியாது. எண்ணெய்கூடவா ஊத்திட்டுப் போனான்?”

பிறகு சொன்னார். அவர் கண்டபோது படகு பாறை மறைவில் அமைதியாக ஆடிக்கொண்டிருந்தது. மோட்டார் தண்ணீரை விட்டுத் தூக்கி வைத்திருந்தது. டேப் மூடியிருந்தது. குறுக்குப் பலகையில் இரண்டு பூட்ஸ் சேர்த்து வைத்திருந்தது. ஒரு பூட்ஸுக்குள் கைக்கடிகாரம். அன்று காலை ஆல்கோத் அவர் வீட்டுக்கு வந்து காபி குடித்திருந்தார். வெண்டெலா தீவை விட்டு, எதிர்க்கரைப் பெருநிலத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போகிறாள், திரும்ப மாட்டாள், நேற்று ராத்திரி சொல்லிவிட்டாள் என்றார். பிறகு காற்று வடக்கே திரும்பும் போலிருக்கிறது என்றார். அவ்வளவுதான்.

“எங்கக்கா ஒரு வார்த்தை சொல்லி ஒரு மனுசன் செத்தான்னு ஊரு பேசக் கூடாது. அவளும் நெனைக்கக் கூடாது. மோட்டார் கொன்னுச்சுன்னா யாரும் யாரையும் எதுவும் கேக்க மாட்டாங்க.”

பூட்ஸை மறைத்தார், டேப்பைத் திறந்தார், மோட்டாரை இறக்கினார். ஆனால் மைக்கென் கைபட்ட மோட்டார் நடுக்கடலில் நிற்காது என்பது ஊருக்கே தெரியும். அதற்காகத்தான் சக்கரம்.

“அப்ப மைக்கென்?”

“திட்டி விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்.” அவர் தூராவைப் பார்க்கவில்லை. “வழக்குன்னு ஆனப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்.”

ஒருத்தியைக் காப்பாற்றப் போகும் உண்மை இன்னொருத்தியை என்ன செய்யும் என்று தூராவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் செய்வதற்கு வேறு இல்லை. திங்கட்கிழமை அவர் வழக்கறிஞரிடம் வர வேண்டும் என்றாள். அதற்கு முன்னால் அக்கா வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது.

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லணுமா?”

“நான் சொல்றேன்.”

வெண்டெலாவின் வீடு மேட்டில் இருந்தது. கூடத்தில் பாதி கட்டிய அட்டைப்பெட்டிகள் நாலைந்து. வெண்டெலா குள்ளமான, நிமிர்ந்த பெண்மணி. மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். சிக்ஸ்டென் தொப்பியைக் கழற்றி வயிற்றோடு பிடித்துக்கொண்டு கதவோரமே நின்றான்.

“அக்கா,” என்றார் ஹில்டிங். “மச்சான் அன்னிக்கு...”

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. வெண்டெலா நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

“உக்காருடா. எனக்குத் தெரியும்.”

ஹில்டிங் உட்காரவில்லை.

“பத்து இழுப்பு இழுத்துச் செத்த மோட்டார் இல்ல அது. டேப்ப மூடி விட்டா, நிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை வேகமெடுக்கும். அப்புறம் மெலிஞ்சு மெலிஞ்சு நிக்கும். முப்பத்தெட்டு வருசம், வருசத்துக்கு ஒரு தடவை இந்த ஜன்னல்ல நின்னு கேட்டிருக்கேன். அந்தச் சத்தம் கேட்டா அவர் மேல ஏறி வரப் போறார்னு அர்த்தம். காபியை அடுப்புல வெப்பேன்.” ஜன்னல் பக்கம் திரும்பினார். “அன்னிக்கும் வெச்சேன். அப்புறம்தான் சத்தம் துறையிலேருந்து வரலன்னு உறைச்சுது. பாறைப் பக்கமா வந்துச்சு.”

தூரா, குரலில் கோபம் இல்லாமல், மைக்கெனைப் பற்றிக் கேட்டாள். நான்கு வாரமாக ஏன் சொல்லவில்லை?

வெண்டெலா அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை.

“பழி மோட்டார் மேல விழுந்தப்ப, என் மேலேருந்து எறங்கின மாதிரி இருந்துச்சும்மா. வேற காரணம் ஒண்ணும் இல்ல.”

சொல்லிவிட்டு ஆணியிலிருந்து கோட்டை எடுத்தார். திங்கட்கிழமை வழக்கறிஞரிடம் தம்பியோடு தானும் வருவதாகச் சொன்னார். ஹில்டிங் கையைப் பிடிக்க வந்தார். வெண்டெலா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தனியாக முன்னே நடந்தார். பாதையில் எதிர்ப்பட்ட ஒருவர் தொப்பியைத் தொட்டு வணங்கினார். மைக்கெனின் கொட்டகைப் பக்கம் வெண்டெலா திரும்புவதைப் பார்த்ததும் அந்த ஆள் அப்படியே நின்றுவிட்டார்.

வெண்டெலா கதவைத் தட்டினார்.

மைக்கென் திறந்தாள். பின்னால் நிற்கும் தூராவையும் ஹில்டிங்கையும் பார்த்தாள். யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அவளுக்கும் காலையில் எண்ணெய் என்று கேட்டதிலிருந்தே தெரியும் என்பதை தூரா இப்போது அந்த முகத்தில் படித்தாள். தன்னை விடுவிக்கும் ஒரு வார்த்தையைப் பகல் முழுக்க அவள் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

வெண்டெலா சொல்ல வந்ததைச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. தான் ஜன்னலில் நின்றது, கேட்டது, கேட்டும் வாயை மூடிக்கொண்டது எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னார். மைக்கென் கதவைப் பிடித்தபடி கேட்டாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. உள்ளே வரச் சொல்லவும் இல்லை.

வெண்டெலா திரும்பி இரண்டு எட்டு வைத்த பிறகுதான் மைக்கென் வாயைத் திறந்தாள்.

“இங்கேருந்து பாறைவரைக்கும் போனப்ப சத்தம் எப்படி இருந்துச்சு?”

வெண்டெலா நின்றார். ஞாபகத்திலிருந்து அதைக் கேட்பதுபோல முகத்தைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டார்.

“சுத்தமா இருந்துச்சு,” என்றார். “ஒரு தடவைகூட இடறல.”